கேள்விக்கு எங்கே இடம்? பரிணாமக் கணிமை மாநாடுகளைத் திட்டமிடுவது பற்றி

நான் படித்த பொறியியல் கல்லூரியிலிருந்து என் பழைய பேராசிரியர் போன் செய்தார். "என்னப்பா, நீதான் ஜெனெடிக் அல்காரிதம், அது இதுன்னு எழுதிக்கிட்டு இருக்கியே. நம்ம டிபார்ட்மெண்ட்ல இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ் வைக்கிறோம். ப்ரோக்ராம் கமிட்டியில உன் பேரைப் போட்டுக்கட்டுமா?"

நான் பி.இ.யோடு நிறுத்தியவன். பகலில் சாஃப்ட்வேர் வேலை, இரவில் இந்த ஆராய்ச்சிக் கிறுக்கு. அப்படிப்பட்டவனை ஒரு கமிட்டிக்குக் கூப்பிட்டால் சந்தோஷமாகத்தானே இருக்கும்? "போட்டுக்கங்க சார்" என்றேன். அந்த மாநாடு முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. அதில் நான் செய்த ஒரு தவறும், அதை வைத்து யோசித்த சில விஷயங்களும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: பரிணாமக் கணிமை என்பது ஒரு சிக்கலுக்குப் பல விடைகளைத் தோராயமாக உருவாக்கி, அவற்றில் நல்லதைத் தேர்ந்தெடுத்து, கலந்து, கொஞ்சம் மாற்றி, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் முறை. ஜெனெடிக் அல்காரிதம், எவல்யூஷன் ஸ்ட்ராட்டஜி, ஜெனெடிக் ப்ரோக்ராமிங் எல்லாம் இதன் கிளைகள்.

பட்டியலில் இல்லாத ஒன்று

முதல் கூட்டத்தில் ஒரு பட்டியல் வாசித்தார்கள். ஆடிட்டோரியம், தலைமை விருந்தினர், பேனர், பை, நினைவுப் பரிசு, சாப்பாடு, பதிவுக் கட்டணம், சர்ட்டிஃபிகேட். கடைசியில்தான் "பேப்பர்ஸ்". எத்தனை பேப்பர் வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது: 60. கட்டணத்தை 60-ஆல் பெருக்கினால்தான் சாப்பாட்டுச் செலவு கட்டுப்படியாகும். ஒரு பேப்பர்கூட வருவதற்கு முன்னால் எத்தனை ஏற்கப்படும் என்று தெரிந்துவிட்டது!

நேரக் கணக்கைப் பாருங்கள். இரண்டு நாள், சாப்பாடு, டீ போக ஒரு நாளைக்கு 5 மணி நேரம். மொத்தம் 10. இதில் தொடக்க விழா 2 மணி, இரண்டு சிறப்புரைகள் 2 மணி, நிறைவு விழாவும் சர்ட்டிஃபிகேட் வழங்கலும் 2 மணி. மிச்சம் 4 மணி, அதாவது 240 நிமிஷம். மூன்று ஹால், ஒரு ஹாலுக்கு 20 பேப்பர். ஒரு பேப்பருக்கு 12 நிமிஷம். லேப்டாப்பை மாற்றி, ப்ரொஜெக்டர் வேலை செய்ய 2 நிமிஷம். பேச 10. கேள்விக்கு?

பூஜ்யம். இதை அப்போது நான் கணக்குப் போடவில்லை. மாநாடு முடிந்தபின் வீட்டில் உட்கார்ந்துதான் போட்டேன். என் வாதம் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. ஒரு ஆராய்ச்சி மாநாட்டில் முதலில் திட்டமிட வேண்டியது ஹால் இல்லை. ஒரு கட்டுரை எந்த இடத்தில், யாரால், எவ்வளவு நேரம் கேள்வி கேட்கப்படும் என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தத் துறையின் பெரிய மாநாடுகளை இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

1985: பிட்ஸ்பர்க்

ஜெனெடிக் அல்காரிதத்துக்கான முதல் சர்வதேச மாநாடு, ஐ.சி.ஜி.ஏ., 1985 ஜூலையில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்தவர் ஜான் கிரெஃபென்ஸ்டெட். அதில் வந்த இரண்டு கட்டுரைகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று டேவிட் ஷாஃபருடையது. ஒரே நேரத்தில் பல இலக்குகளை, உதாரணத்துக்கு விலை குறைவு, வலிமை அதிகம் என்று ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இலக்குகளை, ஜெனெடிக் அல்காரிதத்தால் தேட முடியுமா என்ற முயற்சி. இன்னொன்று நைக்கேல் கிரேமருடையது. எண்களுக்குப் பதில் சின்னச் சின்ன ப்ரோக்ராம்களையே பரிணமிக்க வைக்கும் முயற்சி. இரண்டுமே முழுமையானவை இல்லை. ஷாஃபரின் முறை ஓரங்களில் இருக்கும் விடைகளைப் பிடித்துக்கொண்டு நடுவில் இருப்பதை விட்டுவிடும் என்று பிறகு நிறையப் பேர் காட்டினார்கள். ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்யப் போய்த்தான் பல்லிலக்கு உகப்பாக்கம் என்ற துறையே வளர்ந்தது. அதற்கென்றே தனி மாநாடு 2001-இல் சூரிச்சில் தொடங்கியது. கிரேமர் தொட்ட விஷயத்தை ஜான் கோசா பெரிதாக வளர்த்தார். ஜெனெடிக் ப்ரோக்ராமிங்கின் தனி மாநாடு 1996-இல் ஸ்டான்ஃபோர்டில் கூடியது.

குறையுள்ள கட்டுரையை ஏற்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். குறையை அடுத்தவர் பார்க்கும்படி வைத்தால், அந்தக் கட்டுரை பத்து வருஷம் கழித்துக்கூடப் பலன் தரும்.

1990: டார்ட்மண்ட், போஸ்டர்

அறுபதுகளிலேயே மூன்று இடங்களில் கிட்டத்தட்ட ஒரே யோசனை தனித்தனியாகத் தோன்றியது. பெர்லினில் ரெக்கன்பெர்க், ஷ்வெஃபெல், மிச்சிகனில் ஹாலண்ட், கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் ஃபோகல். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் இவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமலே வேலை செய்தார்கள். இணையம் இல்லாத காலம், ஜெர்மன் மொழியில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம்.

1990 அக்டோபரில் ஷ்வெஃபெல் டார்ட்மண்டில் பி.பி.எஸ்.என். என்ற மாநாட்டைக் கூட்டினார். ஐ.சி.ஜி.ஏ. ஒற்றைப்படை ஆண்டுகளில், பி.பி.எஸ்.என். இரட்டைப்படை ஆண்டுகளில். மோதல் இல்லை. திட்டமிடலில் இதைவிட எளிமையான நல்ல முடிவு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரு காலண்டர் போதும்.

பி.பி.எஸ்.என்.னின் இன்னொரு வழக்கம்தான் எனக்கு முக்கியம். அங்கே ஏற்கப்பட்ட கட்டுரைகள் எல்லாமே போஸ்டர்தான். இவர் மேடையில், அவர் சுவரோரம் என்ற சாதி வித்தியாசம் கிடையாது. பேராசிரியரும் போஸ்டர் பக்கத்தில் நிற்கிறார், முதல் வருஷ ஆராய்ச்சி மாணவரும் நிற்கிறார்.

எங்கள் கல்லூரிக் கணக்கையே இப்படி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதே 240 நிமிஷத்தை நான்காகப் பிரித்தால், ஒரு மணி நேர அமர்வுகள் நான்கு. ஒவ்வொன்றிலும் 15 போஸ்டர். ஒரு ஆசிரியருக்குக் கிடைப்பது 12 நிமிஷம் இல்லை, 60 நிமிஷம். கேட்பவருக்கும் லாபம். மூன்று ஹால் முறையில் ஒருவர் 60-இல் 20 பேப்பருக்கு மேல் பார்க்க முடியாது. போஸ்டரில் தனக்கு வேண்டிய நாலைந்தில் பத்துப் பத்து நிமிஷம் நின்று பேசலாம், மிச்சத்தைத் தலைப்பைப் பார்த்துக் கடந்துவிடலாம். ஒரே ஹால் போதும்.

குறை இல்லையா? இருக்கிறது. சத்தம். கூச்சமானவர் போஸ்டர் முன்னால் கூட்டம் சேராது, பிரபலமானவர் முன்னால் நகரவே முடியாது. நின்று நின்று கால் வலிக்கும். இருந்தாலும் 'டைம் ஆயிடுச்சு, நெக்ஸ்ட்' என்று கேள்வியிலிருந்து தப்பிக்க அங்கே வழியில்லை. எதிரில் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் கிராஃபைச் சுட்டிக்காட்டி, 'இது ஏன் இப்படி?' என்கிறார். பதில் சொல்லியே ஆகவேண்டும்.

1999: தீவுகள்

1999 ஜூலையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஐ.ட்ரிபிள்.ஈ. மாநாடும் எவல்யூஷனரி ப்ரோக்ராமிங் மாநாடும் சேர்ந்து சி.இ.சி. என்ற பெயரில் வாஷிங்டனில் 6 முதல் 9 வரை கூடின. ஐ.சி.ஜி.ஏ.வும் ஜெனெடிக் ப்ரோக்ராமிங் மாநாடும் சேர்ந்து கெக்கோ என்ற பெயரில் ஆர்லாண்டோவில் 13 முதல் 17 வரை கூடின. இரண்டுமே ஒற்றுமைக்காக நடந்த இணைப்புகள்! விளைவு, ஒரே மாதத்தில், ஒரே நாட்டில், நான்கு நாள் இடைவெளியில் இரண்டு பெரிய மாநாடுகள். ஒற்றை, இரட்டை ஆண்டு ஏற்பாட்டின் எளிமை போயே போச்சு. பயணப் பணம் ஒருமுறைக்குத்தான் இருக்கும் மாணவர் ஏதோ ஒரு முகாமைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

கெக்கோவின் அமைப்பு சுவாரசியமானது. ஒரு மாநாடு, உள்ளே பல குட்டி மாநாடுகள் என்பது அதன் கொள்கை. ஒவ்வொரு டிராக்குக்கும் தனித் தலைவர், தனி ரிவ்யூ கமிட்டி. எழுதியவர் பெயர் ரிவ்யூயருக்குத் தெரியாது, ரிவ்யூயர் பெயர் எழுதியவருக்குத் தெரியாது. எறும்புக் கூட்டம் பற்றிய கட்டுரையை அந்த ஆட்களே படிப்பார்கள், ஜெனெடிக் ப்ரோக்ராமிங் கட்டுரையை அதன் ஆட்கள். துறையை அறியாதவர் கையில் சிக்கி ஒரு நல்ல கட்டுரை சாகாது.

நம் துறையில் இதற்குத் தீவு மாதிரி என்றே பெயர் உண்டு. மக்கள் தொகையைத் தீவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் போக்கில் பரிணமிக்க, அவ்வப்போது சிலரை ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது. பன்முகம் காக்கப்படும். ஆனால் அந்த இடப்பெயர்ச்சி நின்றுவிட்டால் ஒவ்வொரு தீவும் தன் சின்னக் குன்றை இமயம் என்று நினைத்துக்கொள்ளும். கெக்கோ பற்றி என் விமர்சனம் இதுதான். டிராக்குகளைப் பிரிப்பதில் காட்டிய அக்கறை, ஒரு டிராக்கின் ஆளை இன்னொரு டிராக்கின் கட்டுரையைக் கேள்வி கேட்க வைப்பதில் இல்லை. ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வு நடந்தால் எல்லோரும் தன் ஆட்கள் இருக்கும் அறைக்குத்தான் போவார்கள். நானும் அப்படித்தான் போவேன்.

ஒரு எச்சரிக்கை. உவமையை வைத்தே வாதம் செய்வது இந்தத் துறையின் பெரிய வியாதி. பெல்ஜியத்தின் கென்னத் சோரென்சென் 2015-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் கிழித்தார்: விலங்கு, பூச்சி, இசை என்று புதுப்புது உவமைகளைப் போர்த்திப் பழைய முறைகளையே மறுபடி விற்கிறார்கள் என்று. அதனால் என் தீவு உவமையை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் என்ன? 'வேறு பழக்கமுள்ள ஒருவர் கேட்கும் கேள்வி ஒரே கூட்டத்துக்குள் எழாது.' அது உவமை இல்லாமலும் நிற்கும் என்று நினைக்கிறேன்.

பூஜ்யத்தில் உட்கார்ந்திருக்கும் விடை

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு ரிவ்யூவுக்கு வந்த ஒரு கட்டுரை, ஒரு பறவையின் பெயரில் புது அல்காரிதம். எந்தப் பறவை என்று சொல்லப் போவதில்லை. ஸ்பியர், ரேஸ்ட்ரிஜின், ஆக்லி, கிரீவாங்க் என்று வழக்கமான சோதனைச் சார்புகள். எல்லாவற்றிலும் விடை அச்சாகப் பூஜ்யம். மற்ற அல்காரிதங்கள் எல்லாம் தோல்வி.

எனக்குச் சந்தேகம். கோடு கேட்டேன், அனுப்பினார்கள். அதில் ஒரு வரி. ஒவ்வொரு சுற்றிலும் தற்போதைய இடத்தை ஒரு எண்ணால் பெருக்குகிறது. அந்த எண் 1-இல் தொடங்கி மெல்ல 0-க்கு இறங்குகிறது. எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? மேலே சொன்ன நான்கு சார்புகளுக்கும் சரியான விடை எல்லா அச்சிலும் 0. ரேஸ்ட்ரிஜினை −5.12 முதல் 5.12 வரை தேடுவார்கள், நடுப்புள்ளியும் 0. அல்காரிதம் தேடவே இல்லை. விடை இருக்கும் இடத்துக்கு அதைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

உறுதி செய்ய ஒன்று செய்தேன். சார்பையே எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் ஒரு தோராய எண்ணைத் திருப்பித் தரச் சொன்னேன். தேடுவதற்கே எதுவும் இல்லை. அப்போதும் பறவைகள் எல்லாம் சமர்த்தாகப் பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்தன. பிறகு ரேஸ்ட்ரிஜினின் விடையை 2.3-க்கு நகர்த்தினேன். சாதாரண டிஃபரன்ஷியல் எவல்யூஷன் அதைக் கண்டுபிடித்தது. பறவை பக்கத்தில்கூடப் போகவில்லை.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 2005-இல் எடின்பரோவில் நடந்த சி.இ.சி.யில், சிங்கப்பூர் நான்யாங் பல்கலைக்கழகத்தின் சுகந்தனும் அவர் குழுவினரும் 25 சோதனைச் சார்புகளைக் கொடுத்து ஒரு போட்டி அமர்வு வைத்தார்கள். விடையை நடுவிலிருந்து நகர்த்தியும், அச்சுகளைச் சுழற்றியும் வைத்த சார்புகள். இந்த ஏமாற்று பலிக்கக் கூடாது என்பதும் ஒரு நோக்கம். அதைத்தான் நல்ல திட்டமிடல் என்பேன்: கேள்வியை நிகழ்ச்சி நிரலுக்குள்ளேயே பொருத்திவிட்டார்கள், யாரும் கை தூக்க வேண்டியதில்லை. 2009 முதல் கெக்கோவில் ஹான்சென், ஓஜேர் குழுவினர் 24 சார்புகளோடு நடத்திவரும் பட்டறையும் இதே வழிதான். அதன் பிறகும் வியாதி போகவில்லை. நடுப்புள்ளியை நோக்கி இழுக்கும் அல்காரிதங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று செக் நாட்டின் யாகுப் குடேலா 2022-இல் ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது.

மதியம் 2 மணி, ஹால் மூன்று

நிராகரிக்கலாம், இல்லையென்றால் நகர்த்திய சார்புகளில் சோதித்து மறுபடி அனுப்பச் சொல்லலாம் என்று ரிவ்யூ எழுதினேன். பேராசிரியர் போன் செய்தார். "நீ சொல்றது சரிதான்பா. ஆனா ஃபீஸ் கட்டிட்டாங்க. இன்னொரு ரிவ்யூ அக்செப்ட்னு வந்திருக்கு. சின்னப் பொண்ணு, எம்.இ. முடிக்கணும்."

இரண்டு ரிவ்யூ மாறுபடுவது புதுசில்லை. 2014-இல் நியூரிப்ஸ் மாநாட்டில் 166 கட்டுரைகளை இரண்டு தனிக் கமிட்டிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததில் 43 கட்டுரைகளுக்கு முடிவு வேறு வேறாக வந்தது. பெரிய இடத்திலேயே அப்படி. ஆனால் எங்கள் விஷயத்தில் மாறுபட்டது கருத்து இல்லை. ஒரு வரி கோடு. அதை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் "சரிங்க சார்" என்றேன். அதுதான் என் தவறு.

அந்தப் பெண் மதியம் 2 மணிக்கு ஹால் மூன்றில் பேசினார். நான் ஹால் ஒன்றில் அமர்வுத் தலைவராக உட்கார்ந்து 'டூ மினிட்ஸ்' அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆளை வேறு ஹாலில் உட்கார வைத்தது சதி இல்லை, அட்டவணை.

சாயந்திரம் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். அன்று சொன்னதை இங்கே எழுதலாமா என்று பிறகு கேட்டு, அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "சார், ஷிஃப்ட் பண்ணிப் பாக்கச் சொல்லி ரிவ்யூ வந்துச்சு. நான் பேப்பர் அனுப்பறதுக்கு முன்னாடியே பண்ணியிருந்தேன் சார். வரல. அந்த டேபிளை எடுத்துடுன்னு கைடு சொன்னாரு."

எனக்கு டீ இறங்கவில்லை. கட்டுரையிலேயே உருப்படியான ஒரே டேபிள் அதுதான். ஒரு எம்.இ. மாணவி தன் அல்காரிதம் எங்கே உடைகிறது என்று தானே கண்டுபிடித்திருக்கிறார். அதைப் பாராட்ட ஒரு இடம் இல்லை, மறைக்கத்தான் ஏற்பாடு இருந்தது. நான் இத்தனை நாளும் அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு போஸ்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றிருந்தால், யாராவது ஒருவர் கேட்டிருப்பார், அவரும் சொல்லியிருப்பார்.

அடுத்த முறை

இந்த வருஷமும் மாநாடு உண்டாம். பேராசிரியருக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான்:

1. எண்ணிக்கையை முதலில் முடிவு செய்ய வேண்டாம். 25 நல்ல பேப்பர் வந்தால் 25. கட்டணத்தை ஏற்றபின் வாங்கலாம், பை வேண்டாம்.

2. எல்லாமே போஸ்டர். சிறப்புரை மட்டும் மேடையில். தொடக்க விழா அரை மணி.

3. புது அல்காரிதம் என்றால் கோடு கட்டாயம். விடையை நகர்த்திய சார்புகளில் ஓட்டிய டேபிள் கட்டாயம். இரண்டு மாணவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

4. 'எங்கே தோற்றது' என்று போஸ்டரில் ஒரு பகுதி. காலியாக விட்டால் ஏற்பு இல்லை.

5. ஒவ்வொரு போஸ்டருக்கும் வேறு கிளையைச் சேர்ந்த ஒருவரைக் கேள்வி கேட்க முன்கூட்டியே நியமிப்பது. இந்த ஒதுக்கீட்டுக்கே பரிணாம அல்காரிதம் பயன்படுத்தலாம். ரிவ்யூயர்களுக்குக் கட்டுரைகளை ஒதுக்க ஸ்பெயினின் மெரேலோவும் கஸ்தியோவும் செய்த முறையை 2004 பி.பி.எஸ்.என்.னிலேயே எழுதியிருக்கிறார்கள்.

6. தேதி. 2010 டிசம்பரில் கான்பூரில் சீல் மாநாடும் சென்னையில் செம்கோ மாநாடும் ஒரே மாதத்தில் நடந்தன. நம் ஊர் மாணவர் இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும். பக்கத்தில் வேறு எது நடக்கிறது என்று பார்த்துவிட்டுத் தேதி வைப்போம்.

பேராசிரியர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா போஸ்டர்னா பசங்க சர்ட்டிஃபிகேட்ல ஓரல் ப்ரெசென்டேஷன்னு போட முடியாதேப்பா. அதுக்குத்தானே வர்றாங்க?" அவர் சொல்வதும் உண்மைதான். அந்த ஒரு சொல்லுக்கு வேலை தேடும்போது மதிப்பு இருக்கிறது. என்னை மாதிரி வேலையில் உட்கார்ந்திருப்பவன் அதைச் சுலபமாக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கட்டுரை வழங்கினார் என்று மட்டும் அச்சடித்தால் போதாதா என்று கேட்டேன். பிரின்சிபாலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மூன்றாவது, நாலாவது அம்சங்கள் இல்லாவிட்டால் என் பேரை எடுத்துவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். போன தடவையே சொல்லியிருக்க வேண்டியது. அந்த மாணவிக்கு, எடுத்த டேபிளைத் தேடி வைக்கும்படி மெயில் அனுப்பினேன். பழைய லேப்டாப்பில் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று பதில் வந்திருக்கிறது.